ஐஎஸ்ஓ 1600ல எடுத்த முகூர்த்தம் 6400ல எடுத்தத விட மணலா வந்தது ஏன்: ஒரு கோயில் கல்யாண ஃபைல்களோட ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊரு, தை மாசம், சிவன் கோயில் மண்டபத்துல கல்யாணம், முகூர்த்தம் காலையில நாலரைலேர்ந்து ஆறு. அந்த நேரத்துல வெளிய கும்மிருட்டு. மண்டபத்துக்குள்ள நாலு டியூப் லைட், அதுல ஒண்ணு விட்டு விட்டு எரியுது, அப்புறம் ஹோம குண்டம், குத்துவிளக்கு, அவ்வளவுதான் வெளிச்சம். கல்லு மண்டபம், மேல்தளம் எண்ணெய்ப் புகை படிஞ்சு கருப்பா இருக்கும், ஃபிளாஷ மேல திருப்பி அடிச்சாலும் ஒண்ணும் திரும்பி வராது. நேரா அடிக்கலாம்னா குருக்கள் முன்னாடியே சொல்லிட்டாரு, சன்னதிக்கு எதுக்க ஃபிளாஷ் வேணாம்னு.

எடுத்தது எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, நாலஞ்சு வருஷமா தனியா பண்றான். ஏபிஎஸ்-சி சென்சார் (வெளிச்சம் விழுற சில்லு, அதுல சின்ன சைஸ்), 24 மெகாபிக்சல், கொஞ்சம் பழைய பாடி, அதோட வந்த 18-55 கிட் லென்ஸ். கூட உதவிக்கு ஒரு பையன், அவன் கையிலயும் அதே மாடல், அதே லென்ஸ். நான் ஆல்பம் டிசைன் பண்றவன், இவன் ஃபைல் எல்லாம் எங்கிட்டதான் வரும்.

கல்யாணம் முடிஞ்சு பத்து நாள்ல செலக்‌ஷனுக்கு படம் குடுத்தான். பொண்ணோட சித்தப்பா லேப்டாப்ல பெருசு பண்ணிப் பாத்துட்டு "என்ன தம்பி, மூஞ்செல்லாம் ரவைய கொட்டின மாதிரி இருக்கு"ன்னு கேட்டிருக்காரு, பாக்கிப் பணத்தையும் நிறுத்தி வச்சுட்டாரு. இவன் அன்னைக்கு ராத்திரியே ஹார்ட் டிஸ்க தூக்கிட்டு எங்கிட்ட வந்தான். வரும்போதே முடிவு பண்ணிட்டு வந்திருக்கான், கேமரா பழசாயிடுச்சு, தவணைல பெரிய சென்சார் வச்ச ஃபுல் ஃப்ரேம் கேமரா ஒண்ணு எடுத்துடலாம்னு.

ஃபைல தொறந்து பாத்தப்ப

மொதல்ல அவன் எடிட் பண்ணி குடுத்த ஜேபெக் எதையும் நான் பாக்கல, கேமராலேர்ந்து எறங்கின ரா ஃபைலத்தான், அதாவது சென்சார் பதிஞ்சத அப்படியே வச்சிருக்கிற ஃபைலத்தான் தொறந்தேன், ஏன்னா எடிட் பண்ணின படத்துல நாய்ஸ், அதாவது இந்த மணல் மணலான கிரெயின், எங்க பொறந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது. தாலி கட்டுற நேரத்து ஃபைல் எல்லாத்துலயும் ஒரே செட்டிங்: மேனுவல் மோட், 55 எம்எம், எஃப் 5.6 (அபர்ச்சர், லென்ஸோட தொறப்பு, நம்பர் கொறஞ்சா வெளிச்சம் ஜாஸ்தி), ஷட்டர் நொடில 1/125 பங்கு, ஐஎஸ்ஓ 1600 (சிக்னல எவ்வளவு பெருக்கணும்ங்கிற நம்பர்). படம் கிட்டத்தட்ட கருப்பு. மாப்ள வேட்டி மட்டும் சாம்பலா தெரியுது, பொண்ணோட முகம் எங்க இருக்குன்னு நெத்திச்சுட்டி மின்னுறத வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். இருட்டு இடதுலயும் வெளிச்சம் வலதுலயுமா காட்டுற ஹிஸ்டோகிராம் வரைபடம் மொத்தமும் இடது ஓரத்துல குமிஞ்சு கெடக்கு. லைட்ரூம்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல அவன் எக்ஸ்போஷர பிளஸ் மூணு ஸ்டாப் வரைக்கும் ஏத்தியிருக்கான், ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு, அதாவது வெளிச்சத்த எட்டு மடங்கு பெருக்கியிருக்கான்.

ஏத்தின படத்த நூறு சதவீதத்துல வச்சுப் பாத்தேன். பொண்ணு கட்டியிருந்தது அரக்கு பட்டு, அந்த அரக்குல ஊதாவும் பச்சையுமா புள்ளிங்க ஓடுது, மாப்ள தலமுடில லேசா குறுக்குக் கோடு கோடா ஒரு பட்டை, கன்னத்துல பூசின மஞ்சள் ஒரே சீரா இல்லாம திட்டுத் திட்டா. குத்துவிளக்குப் பக்கம் இருந்த முகங்க இன்னும் மோசம். விளக்கு வெளிச்சத்துல நீலம் ரொம்பக் கம்மி, ஒயிட் பேலன்ஸ, அதாவது வெள்ளை வெள்ளையா தெரியுற மாதிரி நெறத்த, சரி பண்ணும்போது கேமரா நீல சேனல மட்டும் தனியா தூக்கிக் குடுக்கும், அதனால நாய்ஸும் அந்த சேனல்லதான் அதிகமா தூக்கிக்கிட்டு வரும்.

அடுத்தது உதவிக்கு வந்த பையனோட கார்டு. அவனுக்கு மேனுவல் ஓட்டத் தெரியாது, அபர்ச்சரயும் ஷட்டரயும் கேமராவே முடிவு பண்ற பி மோட்ல போட்டு, ஆட்டோ ஐஎஸ்ஓ விட்டு, அது பாட்டுக்கு அமுக்கியிருக்கான். கேமரா எடுத்துக்கிட்டது எஃப் 5.6, 1/60, ஐஎஸ்ஓ 6400. பத்துக்கு ரெண்டு மூணு படம் கை ஆடிப் போயிருக்கு, ஃப்ரேமிங்கும் சுமார்தான், ஒண்ணுல நாதஸ்வரக்காரர் முழங்கை பாதிப் படத்த மறைக்குது. ஆனா ஆடாத படத்துல கிரெயின் இருந்தும் முகம் முகமா இருக்கு, பட்டு பட்டா இருக்கு, நெறம் சரியா இருக்கு. அதே எடம், அதே நிமிஷம், அதே மாடல் கேமரா, ஐஎஸ்ஓ நம்பர் நாலு மடங்கு ஜாஸ்தி, படம் நல்லாருக்கு. தம்பி நம்பல, ஃபைல் பேரு மாறியிருக்கும்னு சொன்னான். மெட்டாடேட்டாவ தொறந்து காட்டினப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

அப்ப நான் கேட்டேன், "ஏன்டா 1600ல நிறுத்தின, கேமரா 12800 வரைக்கும் போகுமே?" அவன் என்னைப் பாத்து, "நீங்கதானண்ணே சொன்னீங்க, 1600க்கு மேல தொடாதேன்னு."

சொன்னேன்தான். அவன் தொழிலுக்கு வந்த புதுசுல சொன்னது. நான் கத்துக்கிட்டது 2008 வாக்குல வந்த கேமராவுல, அதுல 1600னாலே படம் சொறி புடிச்ச மாதிரி இருக்கும், அந்தப் பயத்த அப்படியே இவன் தலையில எறக்கி வச்சிருக்கேன். இத எழுதாம விட்டா இந்த ஆய்வுக்கு அர்த்தமே இல்ல, அதனால எழுதுறேன்.

ஏன் அப்படி ஆச்சு

சென்சார்ல விழுற வெளிச்சம் மழைத்துளி மாதிரி ஒண்ணு ஒண்ணாத்தான் விழும். தூறல் ஆரம்பிக்கிற நேரத்துல முத்தத்து ஓட்டப் பாத்தீங்கன்னா ஒரு ஓட்டுல மூணு துளி, பக்கத்து ஓட்டுல ஏழு துளின்னு ஏடாகூடமா நனஞ்சிருக்கும், அதே நல்லா அடிச்சுப் பேஞ்சா எல்லா ஓடும் ஒண்ணு போல நனஞ்சிடும். கிரெயின்ங்கிறது அந்தத் தூறல் ஏடாகூடம்தான். கணக்கா சொல்லணும்னா ஒரு பிக்சலுக்கு சராசரி 100 ஒளித்துகள் வந்தா ஏத்தத்தாழ்வு சுமாரா 10, அதாவது பத்து சதவீதம். 800 வந்தா ஏத்தத்தாழ்வு 28 பக்கம், சதவீதத்துல மூணரைதான். வெளிச்சம் கூடக் கூட நாய்ஸும் கூடத்தான் செய்யுது, ஆனா படத்தோட ஒப்பிட்டா சுருங்கிப் போகுது.

எவ்வளவு வெளிச்சம் உள்ள வருதுன்னு முடிவு பண்றது மண்டபத்து விளக்கும் அபர்ச்சரும் ஷட்டரும் மட்டும்தான். ஐஎஸ்ஓ வெளிச்சத்தக் கூட்டாது, வந்தத பெருக்கிக் காட்டும். தம்பி 1/125ல எடுத்தான், பையன் 1/60, அதனால பையனோட சென்சார்ல விழுந்த வெளிச்சமே ரெண்டு மடங்கு. இது மொத காரணம். ரெண்டாவது, தம்பி பெருக்குற வேலைய கேமராகிட்ட விடாம லைட்ரூம்ல பண்ணினான். சென்சார்லேர்ந்து சிக்னல் வெளிய வந்து நம்பரா மாறுற வழியில எலக்ட்ரானிக்ஸ் தன் பங்குக்கு கொஞ்சம் நாய்ஸ் சேக்கும். கேமராலயே ஐஎஸ்ஓ ஏத்தினா சிக்னல் பெருசானப்புறம் அந்த நாய்ஸ் சேருது, அதனால பெருசா தெரியாது. பின்னாடி லைட்ரூம்ல ஏத்தினா அந்த நாய்ஸும் சேந்து எட்டு மடங்கு ஆகுது, தலமுடில பாத்த கோடு அதுதான். புது சென்சார் பலதுல இந்த வித்தியாசம் ரொம்பக் கொறஞ்சிடுச்சு, எப்படி ஏத்தினாலும் ஏறக்குறைய ஒண்ணுதான். இவன் பாடி அந்த ரகம் இல்ல.

அப்புறம் ஸ்பாட்லயே ஏன் தெரியலன்னு ஒரு கேள்வி இருக்கு, மூணு ஸ்டாப் கொறச்சல்னா எவனுக்கும் தெரியணுமே. முந்தின நாள் மதியம் வாழைத்தோட்டத்துல அவுட்டோர் எடுத்திருக்கான், வெயில்ல டிஸ்பிளே தெரியலன்னு பிரைட்னஸ உச்சத்துல வச்சிருக்கான், திருப்பிக் கொறைக்கல. விடியக்காலை இருட்டுல பழகின கண்ணுக்கு அந்த டிஸ்பிளேல கருப்புப் படமும் சுமாரா தெரிஞ்சிருக்கு, "கொஞ்சம் டார்க்கா இருக்கு, ராதானே, தூக்கிக்கலாம்"னு நெனச்சிருக்கான். வெளிச்சம் பத்துமான்னு காட்டுற மீட்டர் முள்ளு மைனஸ் கடைசில மினுக்கிக்கிட்டே இருந்திருக்கும், அதப் பாக்கல. அந்த நேரம் சுத்தி எறநூறு பேரு, வீடியோக்காரர் தோள்ல இடிக்கிறாரு, கெட்டிமேளம் எந்த நொடி வரும்னு தெரியாது, முள்ள பாக்காதது எனக்கு ஆச்சரியமா இல்ல.

1/125ல நின்னதுக்கு காரணம் கேட்டா ஜனங்க நகருறாங்க, ஆடிடும்னு பயம், அது நியாயமான பயம். ஆனா அந்த ஷட்டர்ல இன்னொரு சிக்கலும் இருந்துச்சு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் டியூப் லைட் நொடிக்கு 100 தடவ ஏறி எறங்கும், 1/125 அந்த ஒரு சுத்துக்குள்ளயே முடிஞ்சிடும், அதனால அடுத்தடுத்து எடுத்த படத்துலயே ஒண்ணு கொஞ்சம் பச்சையா மங்கலா, அடுத்தது வெளிச்சமா. 1/100 இல்லன்னா 1/50ல வச்சிருந்தா சுத்து முழுசா அடங்கும். கிரெயினுக்கு இது நேரடி காரணம் இல்ல, மங்கலா விழுந்த படங்கள்ல கிரெயின் இன்னும் ஏறுச்சு, அவ்வளவுதான்.

ஜேபெக் ஆன படங்க

மோசமான பங்கு இது. 32 ஜிபி கார்டு, ஒரு ரா ஃபைல் 25 எம்பி பக்கம், முந்தின நாள் ராத்திரி ரிசப்ஷன் எடுத்த கார்டையே மாத்தாம போட்டிருக்கான். தாலி கட்டி முடிச்சதும் பாத்தா எடம் இல்ல, கார்டு தேட நேரமில்லாம ஜேபெக்குக்கு மாத்திட்டான். அதுக்கப்புறம் வந்ததுதான் அக்னி வலம், அம்மி மிதிக்கிறது, மெட்டி போடுறது. மெட்டி போடுறது தரையில நடக்குற காரியம், சுத்தி நிக்கிறவங்க நெழலு மொத்தமும் அங்கதான் விழும், மண்டபத்துலயே இருட்டான எடம் அது.

ஜேபெக்ல ஒரு சேனலுக்கு 256 படிதான், 14 பிட் ராவுல 16384. இருட்டுப் பகுதிக்கு ஜேபெக்ல மிஞ்சுறது சொற்பப் படி, அத எட்டு மடங்கு தூக்கினா படி படியா ஒடஞ்சு தெரியும். கேமராவுல நாய்ஸ் ரிடக்‌ஷனும் ஹைல இருந்திருக்கு. பொண்ணோட கால் கட்டவிரல் மெழுகு பொம்மைக் கால் மாதிரி வந்திருக்கு, மெட்டியும் அடுத்த விரலும் ஒரே சாம்பல் கட்டி. இத எவ்வளவு பாத்தாலும் மீட்க வழியில்லன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்.

எடுத்த முடிவுங்க

மொத முடிவு, கேமரா இப்ப வாங்கக்கூடாது. காரணம் என்னன்னு நிரூபிக்காம கடன் வாங்கினா புது பாடிலயும் இதே 1600லதான் நிப்பான். அவனுக்கு இதுல கொஞ்சம் கோவம், "அண்ணே நீங்க எப்பவும் செலவு பண்ண விடமாட்டீங்க"ன்னு. சரி, சோதிச்சுப் பாத்துட்டு வாங்குன்னு சொன்னேன்.

ஒரு வாரம் கழிச்சு குருக்கள்கிட்ட கேட்டுக்கிட்டு அதே மண்டபம், விடியக்காலை அஞ்சு மணி, டிரைபாட், அதே டியூப் லைட்டு. உதவிப் பையன வேட்டி கட்டி உக்கார வச்சோம், பாதித் தூக்கத்துல இருந்ததால ஆடாம அசையாம உக்காந்திருந்தான், சோதனைக்கு நல்லதாப் போச்சு. மொதல்ல கல்யாணத்து செட்டிங் அப்படியே, எஃப் 5.6, 1/125, 1600, பின்னாடி மூணு ஸ்டாப் தூக்கினது. அடுத்தது ஐஎஸ்ஓவ மட்டும் 12800 ஆக்கினது. மூணாவது, கடன் வாங்கிட்டு வந்த 50 எம்எம் 1.8 லென்ஸ்ல எஃப் 2, 1/125, ஐஎஸ்ஓ 1600.

ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் கிரெயின் அளவுல பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டுலயும் உள்ள வந்த வெளிச்சம் ஒண்ணுதான, ஆனா ரெண்டாவதுல குறுக்குக் கோடு இல்ல, நெழல்ல ஊதா படியல, கருப்பு கருப்பா இருந்துச்சு. மூணாவதுதான் அவன் வாய அடைச்சது. எஃப் 5.6லேர்ந்து எஃப் 2 வந்தா மூணு ஸ்டாப், எட்டு மடங்கு வெளிச்சம், அதே 1600, அதே 1/125, படத்துல வேட்டிக் கரை ஜரிகை இழை இழையா தெரியுது. பாடி மாறல, லென்ஸ் மட்டும்தான் மாறுச்சு.

அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, சொல்லிடணும். ரெண்டு மீட்டர் தூரத்துல எஃப் 2ல ஷார்ப்பா நிக்கிறது மொத்தமே 12 சென்டிமீட்டர் பக்கம்தான். பொண்ணு முகத்துல ஃபோகஸ் வச்சா கொஞ்சம் பின்னால உக்காந்திருக்கிற மாப்ள மங்கிடுவாரு. அப்புறம் ஏபிஎஸ்-சில 50 எம்எம்ங்கிறது ரொம்ப நெருக்கம், பின்னால போகணும், பின்னால போனா குறுக்க நாலு மாமாங்க நிப்பாங்க. அதனால வாங்குறதுன்னா 35 எம்எம் 1.8 வாங்குன்னு முடிவாச்சு, புது பாடி விலையோட வச்சுப் பாத்தா அது சின்னக் காசு. கிட் லென்ஸ்லயே 18 எம்எம் பக்கம் வந்து கிட்டப் போய் எடுத்தா எஃப் 3.5 கெடைக்கும், 55க்கு இழுத்தாத்தான் 5.6 ஆகுது, அன்னைக்கு அவன் தூரத்துல நின்னு இழுத்து இழுத்து எடுத்ததும் ஒரு தப்பு.

ஆல்பத்த காப்பாத்தினது

தாலி கட்டுற மெயின் ஷீட்டுக்கு பையன் எடுத்த 6400 படத்த வச்சோம், நாதஸ்வரக்காரர் முழங்கை இல்லாத ஒண்ணு. தம்பிக்கு மனசு வரல, ஆனா வேற வழி இல்ல. அவனோட ரா ஃபைல்ல அம்பத்தி சொச்சம் எடுத்து ஏஐ டீநாய்ஸ், அதாவது நாய்ஸ எடுக்குற சாஃப்ட்வேர், ஓட்டினோம். முகத்துக்கு நல்லா வேலை செஞ்சுது, பட்டு ஜரிகைல மட்டும் அது தானா ஒரு டிசைன கற்பனை பண்ணி நெய்து வச்சிடுது, புடவைல அன்னம் இருந்த எடத்துல ஏதோ கொடி மாதிரி. பொண்ணு வீட்டுக்கு அவங்க புடவை தெரியாதா, அதனால புடவைக்கு கொறச்சு முகத்துக்கு மட்டும் முழுசா விட்டேன்.

மத்தது அளவு சம்பந்தப்பட்டது. ஆல்பம் ஷீட் 12க்கு 36. ஒரு படத்த 4க்கு 6 இன்ச்சுல வச்சா 300 டிபிஐ கணக்குல 1800க்கு 1200 புள்ளிதான், கேமராவுல இருக்கிறது 6000க்கு 4000, கிட்டத்தட்ட 11 பிக்சல் சேந்து பிரிண்ட்ல ஒரு புள்ளி ஆகுது, சராசரி ஆகுறதால கிரெயின் மூணுல ஒரு பங்கா எறங்கும். சித்தப்பா பாத்தது லேப்டாப்ல நூறு சதவீதம். அதனால நாலு ஷீட் மட்டும் லேப்ல பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போய் கையில குடுத்தோம். கண்ணாடிய ஏத்தி எறக்கிப் பாத்துட்டு "இது பரவால்லயே"ன்னாரு.

ரெண்டு படத்த கருப்பு வெள்ளையா மாத்தி வச்சிருந்தேன், கலர் நாய்ஸ் ஓடிடும், மிச்ச கிரெயின் பழைய ஃபிலிம் மாதிரி அழகா நிக்கும்னு என் கணக்கு. பொண்ணோட அப்பாயி அந்தப் பக்கத்த கையாலயே மூடி, "நல்ல காரியத்துல இது எதுக்குய்யா"ன்னாங்க. எடுத்துட்டேன்.

மெட்டி படம் ஆல்பத்துல இல்ல. அந்த எடத்துல அம்மிக் கல்லோட ஒரு படம் இருக்கு, காலு இல்லாம. தம்பி பாக்கிப் பணத்துல ஒரு பங்க விட்டுக் குடுத்தான், அவங்க மிச்சத்த குடுத்தாங்க.

இப்ப மாத்தினது

அடுத்த கோயில் கல்யாணம் பங்குனில வந்துச்சு. 35 எம்எம், எஃப் 2, தாலி நேரத்துல ரெண்டு பேரு முகமும் வேணும்னா எஃப் 2.8. ஷட்டர் 1/100க்கு கீழ போகாதபடி, ஆட்டோ ஐஎஸ்ஓ உச்சம் 12800. வெள்ளை வேட்டியும் தீபமும் மீட்டர ஏமாத்தி படத்த இருட்டாக்கும்ங்கிறதால மீட்டர் சொல்றத விட வெளிச்சமா எடுக்க எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பிளஸ் 0.7. டிஸ்பிளே பிரைட்னஸ நடுவுல வச்சு விட்டாச்சு, பத்து படத்துக்கு ஒரு தடவ ஹிஸ்டோகிராம். முகூர்த்தத்துக்கு முன்னாடி காலி கார்டு, இத பையன் பொறுப்புல விட்டிருக்கான்.

நான் மாத்திக்கிட்டது, இப்ப யாராவது எந்த ஐஎஸ்ஓ வரைக்கும் போகலாம்னு கேட்டா நம்பர் சொல்றதில்ல, உன் கேமராவ ராத்திரி சமையக்கட்டுல வச்சு ஒவ்வொரு ஐஎஸ்ஓலயும் ஒண்ணு எடுத்து, ஆல்பம் சைஸ்ல பிரிண்ட் போட்டுப் பாருன்னுதான் சொல்றேன். அன்னைக்கு அந்த 1600 சொன்னப்பவே இதச் சொல்லியிருக்கணும்.

பங்குனிக் கல்யாண ஃபைல்ல 5000, 6400 நெறைய இருந்துச்சு, ஒரு ஹோமப் படம் 8000. ஆல்பம் போய்ச் சேந்த ரெண்டாவது நாள் அந்த வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு, தம்பி பதறிட்டான். கிரெயின் பத்தி இல்ல, அட்டையில மாப்ள பேருல ஒரு கால் விட்டுப் போயிருக்காம். அது என் வேலை.